அதே பாறை, அதே தை மாதம்: தமிழ்நாடு வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறைக்கும், குறிப்பாக நீலகிரியின் மேல்மலையில் ரோந்து போகும் வனவர்கள், வனக்காப்பாளர்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் மேசைமேல் மூன்று படங்கள் இருக்கின்றன. மூன்றும் மேல்பவானிப் பக்கம், சாலையிலிருந்து சற்று மேலே ஏறினால் வரும் ஒரு பாறைமேல் நின்று எடுத்தவை. முதல் படம் 1994 பிப்ரவரி, கறுப்பு வெள்ளை. இரண்டாவது 2009 பிப்ரவரி, வண்ணம். மூன்றாவது 2025 பிப்ரவரி முதல் வாரம், உரிய அனுமதி வாங்கி, காவலர் ஒருவரின் துணையோடு போய் எடுத்தது.

முதல் படத்தில் எதிர்ச்சரிவு முழுக்கப் புல். மடிப்புகளில் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சோலைக்காடு. இரண்டாவது படத்தில் வலது ஓரத்தில் நாலைந்து கறுப்புப் புள்ளிகள். மூன்றாவதில் அந்தப் புள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்து, சரிவின் மூன்றில் ஒரு பங்கைப் போர்த்திவிட்டன. எல்லாம் சீகை மரம், ஆங்கிலத்தில் வாட்டில் என்பது.

புகார் சொல்ல இதை எழுதவில்லை. புகைப்படக்காரர்களை இன்னும் உள்ளே விடுங்கள் என்று கேட்கவும் எழுதவில்லை. சொல்லப்போனால் நேர் எதிரான ஒன்றைத்தான் கேட்கப்போகிறேன். கேமராவை நீங்கள் எடுங்கள். வருடாவருடம், வறண்ட மாதங்களில், அதே இடத்தில் நின்று, அதே திசையைப் பார்த்து எடுங்கள். எங்கள் வீடுகளில் கிடக்கும் பழைய படங்களை உங்களிடம் தருகிறோம்.

நான் வளர்ந்தது குந்தா பக்கம், மின்வாரியக் குடியிருப்பில். அப்பாவுக்கு நீர்மின் நிலையத்தில் வேலை. அணை, சுரங்கம், குழாய் என்று இந்த மலையில் வேலை நடந்த காலத்தில் கீழ்நாட்டிலிருந்து ஏறி வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மஞ்சூர், கோரகுந்தா வழியாக மேல்பவானிக்கு அப்பா போனபோது ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பதின்மூன்று வயது. அப்பாவின் நண்பர் ஒருவர் தன் கேமராவைக் கொடுத்து அனுப்பியிருந்தார். பிலிம் சுருளை அப்பா வாங்கிப் போட்டார்.

அந்தப் பிலிமும் இந்த மலையில் செய்ததுதான். ஊட்டியில் 1960இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் செய்து விற்றது. நாட்டின் எந்தெந்த மூலையிலோ கல்யாணங்களும் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களும் அந்தச் சுருள்களில் பதிவாயின. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது வேலை கொடுத்த இடம். அதனாலேயே மற்ற மலை ஊர்களைவிட இங்கே வீட்டுக்கு வீடு படங்கள் அதிகம் இருந்தன என்று நினைக்கிறேன். இன்று ஆலை இல்லை. படங்கள் இருக்கின்றன. அவை எத்தனை நாளைக்கு இருக்கும் என்ற கவலையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், ஏன் வறண்ட காலம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கேட்பவர்கள் எல்லோரும், ‘மழைக்காலத்தில் போனால்தானே மலை அழகு?’ என்கிறார்கள்.

ஜூனில் மழை இறங்கியதும் மேல்மலையில் எல்லாமே பச்சை. புல் பச்சை, சோலை பச்சை, சீகை பச்சை, தேயிலை பச்சை. அதற்கு மேல் மஞ்சு வந்து எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். கண்ணுக்குக் குளிர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு புல் எங்கே முடிகிறது, சீகை எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கோடு போட முடியாது.

டிசம்பரில் உறைபனி விழ ஆரம்பிக்கும். இரவில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கி நிற்கும். விடியும்போது புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல வெள்ளை. வெயில் ஏறியதும் உருகி ஓடிவிடும். இப்படிச் சில வாரம் போனால் புல் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். சோலை மட்டும் அசையாமல் கரும்பச்சையில் நிற்கும், இடையிடையே செம்பு நிறத் துளிரோடு. அதன் ஓரத்திலும் புல்வெளி நடுவிலும் தனித்தனியாக நிற்கும் ரோடோடெண்ட்ரான் மரங்கள், மலைப்பூவரசு என்றும் சொல்வார்கள், சிவப்பாகப் பூத்திருக்கும். சீகை சாம்பல் பூத்த மங்கல் பச்சை. கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், நீலம் கலந்த பச்சை. அணையில் தண்ணீர் இறங்கி, கரையைச் சுற்றிச் செம்மண் வளையம் தெரியும். எது எது எங்கே இருக்கிறது என்று மலை தானே பிரித்துக் காட்டும் மாதங்கள் இவை.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இது இன்னும் பொருந்தும். காய்ந்த புல் வெளுப்பாக விழும், மரம் கறுப்பாக விழும். மழைக்காலத்தில் எடுத்திருந்தால் இரண்டும் ஒரே சாம்பல். என் 1994 படம் இன்று பயன்படுவதற்குக் காரணம் என் திறமை இல்லை. அப்பாவுக்கு அன்று தை மாதத்தில் வேலை விழுந்தது, அவ்வளவுதான்.

2025இல் திரும்பப் போனபோது நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் கேட்கும் விஷயம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

எந்தப் பாறை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நேராகப் போய் ஏறி நின்றேன். பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போன 1994 படத்தைக் கையில் பிடித்து எதிர்ச்சரிவோடு ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. அதே முகடு, அதே மடிப்பு, ஆனால் ஏதோ நகர்ந்திருந்தது. மலை நகராது, நான்தான் தப்பான இடத்தில் நிற்கிறேன்.

பழைய படம் எடுத்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. படத்தில் கிட்டே இருக்கும் பொருள் ஒன்றையும் தூரத்தில் இருக்கும் பொருள் ஒன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். என் படத்தில் கிட்டே ஒரு பிளவுபட்ட கல், தூரத்தில் முகட்டின் ஒரு பள்ளம். கல்லின் முனை அந்தப் பள்ளத்துக்கு நேர் கீழே விழுகிறது. நாம் வலப்பக்கம் நகர்ந்தால் கிட்டே இருக்கும் கல், தூரத்து முகட்டைப் பார்க்க, இடப்பக்கம் ஓடும். மேலே ஏறினால் கல் தாழும், இறங்கினால் உயரும். லென்ஸை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. நிற்கும் இடம்தான் இதைத் தீர்மானிக்கிறது. அதனால் முகடும் கல்லும் படத்தில் இருப்பதுபோலவே சேரும்வரை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அப்புறம் பொழுது. கல்லின் நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்று பார்த்தால், ஏறக்குறைய அதே தேதியில் போயிருப்பதால், மணியையும் சொல்லிவிடலாம். ஒன்பதரை வாக்கில் எடுத்திருக்க வேண்டும் என்று தெரிந்தது.

பக்கவாட்டில் ஐந்தடி நகர்ந்ததும் அந்தக் கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் உயரம் மட்டும் இடித்தது. கல் கொஞ்சம் கீழேயே நின்றது. முக்கால் மணி நேரம் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த காவலர், இளைஞர், எழுந்து வந்து படத்தை வாங்கிப் பார்த்தார். ‘எப்ப எடுத்ததுண்ணா?’ என்றார். சொன்னேன். ‘அப்ப நீங்க சின்னப் பையன்தானே. கேமரா இவ்ளோ உயரத்துல இருந்திருக்காது. முட்டி போட்டுப் பாருங்க.’

முட்டி போட்டேன். கல் எழுந்து வந்து பள்ளத்தின் கீழ் சரியாக உட்கார்ந்தது. முப்பத்தோரு வருடத்துக்கு முன் அப்பா பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டிருந்த அதே இடம். கொஞ்ச நேரம் படம் எடுக்க முடியவில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? இந்த முறையை நான் 2009இல் அறிந்திருக்கவில்லை. அப்போது எடுத்த படம் அந்த ஐந்தடி தள்ளி, நின்ற வாக்கில் எடுத்தது. முதல் படத்தின்மேல் வைத்தால் உட்காராது. புள்ளிகள் இருக்கின்றன என்று தெரிகிறது, எத்தனை, சரியாக எந்த இடம் என்று அளக்க முடியவில்லை. நடுவில் பதினைந்து வருடம், பதினாறு வருடம் என்று இடைவெளி வேறு. சீகை எந்த வருடத்தில் வேகம் பிடித்தது என்பதை என் மூன்று படங்கள் சொல்லாது. ஒரு தனி ஆள் நினைத்தபோது போய் எடுப்பதற்கும், ஒரு துறை ஒழுங்காக வருடாவருடம் எடுப்பதற்கும் இதுதான் வித்தியாசம். அந்தக் காவலருக்குப் பத்து நிமிடத்தில் புரிந்த கலை இது. பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை.

செயற்கைக்கோள் படம் இருக்கும்போது இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பழனி மலைத்தொடரில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தோட்ட மரங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னது செயற்கைக்கோள் படங்களை வைத்துத்தான். அந்த வேலையை எந்தக் கேமராவும் செய்ய முடியாது. ஆனால் இரண்டு விஷயம். முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் மேலே போனதே 1972இல்தான். அதற்கு முந்தைய மலையைப் பார்க்க வேண்டுமானால் பழைய புகைப்படங்களைத்தான் தேட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சாமுவேல் போர்னும், ஊட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்த பென்னும் இந்த மலைகளைப் படம் எடுத்திருக்கிறார்கள். இன்னொன்று, லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் முப்பது மீட்டர். என் 2009 படத்தில் இருக்கும் நாலைந்து சீகைக் கன்றுகள் அதில் விழாது. ஆள் உயரக் கன்றாக இருந்தபோது ஓர் ஆள் அரை நாளில் பிடுங்கிப் போட்டிருப்பார். மேலேயிருந்து தெரியும் அளவுக்கு வளர்ந்த பிறகு ஒப்பந்தம், வாள், லாரி எல்லாம் வேண்டியிருக்கிறது.

இந்தப் புல்வெளியை ஒரு காலத்தில் தரிசு என்றே கணக்கில் எழுதினார்கள். விறகுக்குக் கற்பூர மரம், தோல் பதனிடத் தேவையான டானினுக்குச் சீகை என்று வெள்ளைக்காரர் காலத்திலேயே தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகு இன்னும் பெரிய அளவில் நட்டார்கள். 1980களின் பிற்பகுதியில்தான் அது நின்றது. அன்றைக்கு மரம் என்றால் நல்லது, புல் என்றால் வீண் என்ற எண்ணம் எல்லோருக்கும் இருந்தது. எங்கள் பள்ளியில் எங்களையும் மரம் நடக் கூட்டிப்போனார்கள். புல்லில் குழி தோண்டி நட்டோம். ஆசையாகத்தான் நட்டேன். இன்று அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

புல்வெளி என்பது காடு அழிந்து உண்டானது என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். நீலகிரியின் சதுப்புகளில் படிந்த மக்கிய தாவரப் படிவங்களை ஆராய்ந்து, ஆர். சுகுமாரும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, இங்கே புல் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தது என்று காட்டியது. காலநிலை மாறியபோது சோலை கூடியது, குறைந்தது, புல்லும் அப்படியே. அவை இரண்டும் சேர்ந்துதான் இந்த மலை. பனிக்காலத்தில் திறந்த வெளியில் முளைக்கும் சோலைக் கன்று உறைபனியில் கருகிவிடுவது இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காரணம் என்பார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகைக்கு அந்தத் தடை பெரிதாக இல்லை. அதனால்தான் நட்ட எல்லையில் நிற்காமல் புல்லுக்குள் இறங்குகிறது.

இப்போது துறை சீகையை அகற்றி வருகிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் அகற்றிய பிறகு என்ன வந்தது என்பதுதான் முக்கியம். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்தில் வெயில் பட்டால் முளைக்கும், தீப்பட்டால் இன்னும் கூட்டமாக முளைக்கும். சில இடங்களில் புல் திரும்புகிறது. சில இடங்களில் பழைய சீகையின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் ஏறி வருகின்றன, அங்கே வெட்டாமல் விடுவதே நல்லது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் ஆய்வரங்குகளில் வாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். வெட்டுவதற்கு முந்தைய தை மாதம் ஒரு படம், வெட்டிய பிறகு ஒவ்வொரு தை மாதமும் ஒரு படம். ஐந்து வருடத்தில் எந்தச் சரிவில் எது சரி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். வெட்டிய பிறகு மட்டும் எடுத்த படத்தால் பயன் பாதிதான். ஆகவே அடுத்த பகுதியில் வாள் வைக்கும் முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். இந்த மடலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் எண்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, நினைவிருக்கும். மேல்மலையில் பல சரிவுகள் கிழிந்து இறங்கின. அந்தத் தழும்புகள் மூடி வருகின்றனவா, ஒவ்வொரு மழைக்கும் அகலமாகின்றனவா என்பதும் வறண்ட மாதத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். கிழிவதற்கு முன் அந்தச் சரிவில் என்ன இருந்தது என்பதற்கு, யாராவது ஒருவர் வீட்டு ஆல்பத்தில் சாட்சி இருக்கலாம்.

சரி, இவ்வளவு ஆசை இருக்கிற நான் ஏன் புகைப்படக்காரர்களுக்கு அனுமதி கேட்கவில்லை?

2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலையில் நடந்ததை நம் யாராலும் மறக்க முடியாது. காய்ந்த புல், மதிய நேரம், காற்று. மலையேறப் போனவர்களில் 23 பேர் காட்டுத் தீயில் சிக்கி இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயது. மலையைப் பார்க்க ஆசைப்பட்டுப் போனவர்கள், எங்களைப் போன்றவர்கள். எந்த மாதங்களில் மலை இத்தனை தெளிவாகத் தெரிகிறதோ, அதே மாதங்களில்தான் அது தீக்குச்சிக்குக் காத்திருக்கிறது. 2024 மார்ச்சில் குன்னூர் பாரஸ்ட்டேல் பகுதியில் பற்றிய தீயை அணைக்க ஹெலிகாப்டரில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. ‘ட்ரெக் தமிழ்நாடு’ மலையேற்றப் பாதைகளைத் தீக்காலம் என்று பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை நீங்கள் மூடியபோது என் நண்பர்கள் சிலர் அலுத்துக்கொண்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வரையாடு குட்டி போடும் காலம் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி. கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவை வருடந்தோறும் அதற்காகவே மூடுகிறார்கள். குட்டியோடு நிற்கும் தாயை நெருங்கி நெருங்கிப் போய், அது பாறை விளிம்புக்கு ஒதுங்கும்வரை விடாமல் படம் எடுத்த ஒரு குழுவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கையில் விலை உயர்ந்த லென்ஸ்கள். தூரத்தில் நின்றே எடுத்திருக்கலாம். மலையை நேசிக்கிறோம் என்று சொல்லும் எங்கள் கூட்டத்துக்குள் இப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அதனால் பத்துப் பேர் போய் நூறு கோணத்தில் எடுப்பதைவிட, அந்த வழியே எப்படியும் நடக்கிற ஓர் ஆள் ஒரே கோணத்தில் எடுப்பது மலைக்கு நல்லது. புல்மேல் புதிதாக ஒரு காலடியும் கூடாது.

நீங்கள் எப்படியும் நடக்கிறீர்கள். வறண்ட காலம் தொடங்கும்போது தீத்தடுப்புக் கோடு எடுக்க ஆட்கள் முகடு முகடாகப் போகிறார்கள். நான் சொல்லும் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. பனி புல்லைக் காயவைத்திருக்கும், தீப்புகை இன்னும் வானத்தை மூடியிருக்காது. மார்ச்சில் தூரத்து முகடு புகைமூட்டத்தில் மங்கிவிடும். வரையாடு கணக்கெடுப்புக்கும் போகிறீர்கள். 2022 டிசம்பரில் 25.14 கோடி ரூபாயில் வரையாட்டுத் திட்டம் அறிவித்த பிறகு, 2024இல் மாநிலத்தில் 1,031 வரையாடுகள், 2025இல் 1,303 என்று எண்ணிச் சொன்னீர்கள். அந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஒவ்வொரு கணக்கெடுப்புக் குழுவும் தன் பகுதியில் குறித்த இடத்தில் நின்று ஒரு படம் எடுத்திருந்தால், ஆடு எத்தனை என்பதோடு ஆடு மேயும் புல் எத்தனை என்பதும் நம் கையில் இருந்திருக்கும். கணக்கெடுப்பு நடக்கும் ஏப்ரல் கடைசியில் கோடை மழை விழுந்து புல் துளிர்த்துவிடுகிறது, பிப்ரவரி அளவுக்குத் தெளிவு இருக்காது. இல்லாததற்கு அது மேல்.

இடம் குறிப்பதற்குப் பாறையில் பெயின்ட் அடிக்க வேண்டாம், தயவுசெய்து. ஜி.பி.எஸ். எண் ஒன்று, முதல் வருடப் படத்தின் அச்சு ஒன்று போதும். அச்சை லேமினேட் செய்து ரோந்து போகிறவரின் பையில் வைத்துவிடலாம். கல்லும் முகடும் சேரும்வரை நகரச் சொல்லிக்கொடுத்தால், ஜி.பி.எஸ். சில மீட்டர் பிசகினாலும் படம் பிசகாது. சாதாரணக் கைப்பேசி கேமரா போதும், ஆனால் ஜூம் செய்யக் கூடாது. வெயில் முதுகுப் பக்கம் இருக்கும் நேரத்தைப் பார்த்து, அந்த நேரத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சரகத்துக்குப் பத்து இடம் இருந்தால் தாராளம். எந்தப் பத்து என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தில் குறிக்காதீர்கள். முப்பது வருடமாக அங்கே நடப்பவரைக் கேளுங்கள்.

தோடர் பெரியவர்களையும் கேளுங்கள். இந்தப் புல்வெளியில் எருமை மேய்த்தவர்கள் அவர்கள். எந்தச் சரிவில் முன்பு எருமை நின்றது, எந்தச் சதுப்பில் கோயில் கூரைக்குப் புல் அறுத்தார்கள், எந்தப் பகுதியில் காய்ந்த புல்லுக்குக் காலமறிந்து தீயிட்டார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கிறது. முக்கூர்த்தி சிகரம் நமக்கு 2,554 மீட்டர் உயரம். அவர்களுக்கு அது இறந்தவர்கள் மறுவுலகம் போகும் வழி. படம் எடுக்கும் இடத்துக்குப் பெயர் வைக்கும்போது பாயின்ட் ஒன்று, பாயின்ட் இரண்டு என்று எழுதாமல், அவர்கள் சொல்லும் பெயரை எழுதினால் அந்தப் பெயரும் பிழைக்கும்.

கனடாவில் ராக்கி மலைகளை அளக்கப் போன நில அளவையாளர்கள் நூறு வருடத்துக்கு முன் கண்ணாடித் தகட்டில் எடுத்த படங்களை ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்து, ஒரு பல்கலைக்கழகக் குழு 1990களின் கடைசியிலிருந்து அதே முகடுகளில் ஏறி நின்று மறுபடி எடுத்து வருகிறது. பனியாறு எவ்வளவு பின்வாங்கியது, காடு எவ்வளவு ஏறியது என்று பார்த்தவுடன் தெரிகிறது. அவர்களுக்கு அந்தத் தகடுகளை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். நமக்கு அப்படி ஒரு காப்பகம் இல்லை. நம் தகடுகள் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன.

இதுதான் நான் சொன்ன கவலை. நீலகிரியின் ஈரத்தில் பிலிம் பிழைக்காது. பூஞ்சை முதலில் ஓரத்தில் வெள்ளை நூலாகப் படரும், அப்புறம் படத்தின் நடுவுக்கு வரும். என் 1994 சுருளில் இருந்த முப்பத்தாறில் இன்று பார்க்கும்படி இருப்பவை பதினொன்று. பிலிம் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், மின்வாரியக்காரர்கள், எஸ்டேட் ஊழியர்கள், ஊட்டி, குன்னூர், கோத்தகிரியின் பழைய ஸ்டுடியோக்காரர்கள் என்று எத்தனையோ வீடுகளில் இப்படிக் கிடக்கிறது. அவர்கள் எடுத்தது குடும்பப் படம்தான். அக்கா நிற்கிறார், தம்பி நிற்கிறான், பின்னால் மலை நிற்கிறது. நமக்கு வேண்டியது அந்தப் பின்னால் இருக்கும் மலை. போன வருடம் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இறந்த பிறகு, வீட்டைக் காலி செய்தவர்கள் இரண்டு பெட்டி நெகட்டிவை எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் கேள்விப்பட்டுப் போவதற்குள் லாரி மலை இறங்கிவிட்டது.

ஊட்டியில் ஒரு வாரம் ஓர் அறையும் ஒரு நல்ல ஸ்கேனரும் கொடுங்கள். காலையில் கொண்டுவந்த ஆல்பத்தை மாலையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். படத்தில் இருக்கும் ஆட்களின் முகம் வெளியே போகக் கூடாது என்று வீட்டார் சொன்னால் மறைத்துவிடலாம். எந்த வருடம், எந்த மாதம், எங்கே நின்று எடுத்தது என்று உட்கார்ந்து கேட்டு எழுத எங்களில் பத்துப் பதினைந்து பேர் தயார். சேர்ந்த படங்களை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள், வரையாடு குட்டி போடும் இடமும் அரிய ஆர்க்கிட் இருக்கும் இடமும் தெரிந்துவிடாதபடி. 2030இல் குறிஞ்சி பூக்கும்போது இந்த மலைகளுக்குக் கூட்டம் வரும், கேமராக்கள் வரும். அதற்குள் நாலைந்து தை மாதப் படங்களாவது வரிசையாகச் சேர்ந்திருந்தால் நன்றாக இருக்கும்.

என் பதினொரு நெகட்டிவும், 2009, 2025 படங்களும், பாறையின் ஜி.பி.எஸ். எண்ணும், முட்டி போட்டு எடுக்க வேண்டும் என்ற குறிப்பும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். எந்த அலுவலகத்தில், யாரிடம், எந்த நாளில் கொண்டுவந்து கொடுப்பது என்று சொல்லுங்கள். வருகிற தை மாதம் அந்தப் பாறைக்கு நான் வரவில்லை. அந்தத் தம்பியிடம் கேமராவைக் கொடுத்து அனுப்புங்கள், அவருக்கு இடம் தெரியும்.

அன்புடன்,
குந்தா மின்வாரியக் குடியிருப்பில் வளர்ந்த ஒருவன்